படம் போட்டது போதும், பட்டியல் போடுங்கள்

வீட்டில் அலமாரி நிறையப் புத்தகம் சேர்த்துவைத்துக்கொண்டு, இணையத்து வாசகர் குழுக்களிலும் வளைய வரும் நண்பர்களுக்கு,

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கிவிட்டால் நம் குழுக்களுக்குத் தனிக் களை வந்துவிடுகிறது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்திலிருந்து பை பையாகச் சுமந்து வந்து, கட்டிலில் பரப்பி, படம் எடுத்துப் போடுகிறோம். ‘அருமையான தேர்வு’ என்று நாலு பேர் எழுதுவார்கள். மீதிப் பேர் இதயக் குறி போடுவார்கள். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா வந்தால் மறுபடியும் அதே. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. படத்தை விரலால் பெரிதாக்கி, அடுக்கின் அடியில் கிடக்கும் புத்தகத்தின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற ஆள் நான். ஆனால் அந்தப் படத்துக்கு ஆயுசு இரண்டு நாள்தான். ஆறு மாதம் கழித்து ஒருவர் ‘லா.ச.ரா.வின் அபிதா பழைய பதிப்பு யாரிடமாவது இருக்கிறதா?’ என்று கேட்கிறார். வைத்திருப்பவர் அன்றைக்கு வெளியூரில் இருக்கிறார். கேள்வி காலை வணக்கங்களுக்கு நடுவே புதைந்துபோகிறது. புத்தகம் ஓர் ஊரில், வாசகர் இன்னோர் ஊரில், இருவரும் ஒரே குழுவில்!

‘வீட்டிற்கோர் புத்தக சாலை’ என்று அண்ணா பேசியது இன்றும் மேடைகளில் அடிபடுகிறது. வீடுதோறும் வந்துவிட்டது என்று சொல்ல முடியாவிட்டாலும், நம்மைப் போன்றவர்கள் வீட்டில் வந்துவிட்டது. வந்த சாலைக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. சில வீடுகளில் வீட்டுக்காரருக்கே தெரியாது. இருப்பதை மறந்து அதே நூலை மறுபடி வாங்கி வருகிறவர்கள் குழுவில் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். உங்களிடம் இருக்கும் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். எழுதியதை நாலு பேர் பார்க்கும்படி வையுங்கள். இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைச் சொல்லக் கோட்டையூர் வரை போக வேண்டும்.

காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950 வாக்கில் தொடங்கி வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். நூல்களோடு நிற்கவில்லை, பத்திரிகை, நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் எடுத்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபோது அந்தச் சேகரம் சிதறிப்போக எல்லா வாய்ப்பும் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, தமிழ்நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகாமல், 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி எழுதுகிற எவரும் தரமணியில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்குள் நுழையாமல் எழுத முடியாது.

அந்தச் சேகரம் பிழைத்ததற்குப் புத்தகங்களின் அருமை மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். அருமையான புத்தகம் செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் இருந்தது. கோட்டையூரில் இன்னது இருக்கிறது என்பது வெளியே தெரிந்திருந்தது. ஆய்வாளர்கள் அவர் வீட்டைத் தேடிப் போய்ப் படித்துவந்தார்கள். அவர் போன பிறகு ‘ஐயோ, அது என்ன ஆகும்?’ என்று பதற நாலு பேர் இருந்தார்கள். மறைமலை அடிகள் 1950இல் மறைந்தார். அவர் சேர்த்த நூல்களை மூலமாக வைத்து 1958இல் சென்னையில் அவர் பெயராலேயே நூலகம் எழுந்தது. அங்கேயும் அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று அறிந்தவர்கள் இருந்தார்கள்.

பதற ஆளில்லாத வீடுகளில் நடப்பது நமக்குத் தெரியும். பெரியவர் போய்ச் சேருகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. பெங்களூரிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு லீவு முடியப் போகிறது, வீட்டை ஒப்படைக்க வேண்டும். பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வருகிறார். ஆங்கில நூல் என்றால் ஒரு புரட்டுப் புரட்டித் தனியாக வைப்பார். தமிழ் மொத்தமும் கிலோ கணக்கு. பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. எது எதுவென்று அப்பா ஒரு வரி எழுதி வைத்திருந்தால்தானே? உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று அங்கே கேட்டு நொந்துபோனதை அவரே எழுதியிருக்கிறார். அவர்களாவது புண்ணியம் என்று நம்பிச் செய்தார்கள். நாம் கிலோவுக்கு விலை பேசுகிறோம்.

அப்படிப் போகிற மூட்டைக்குள் என்ன இருக்கும்? மாஸ்கோவில் அச்சாகி வந்த முன்னேற்றப் பதிப்பக நூல்கள் இருக்கும். சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்ததோடு அந்த வரத்து நின்றது. மர்ரே ராஜம் மலிவு விலையில் சந்தி பிரித்துப் போட்ட பழந்தமிழ் நூல்கள் இருக்கும். இவற்றையாவது தேடினால் வேறு பிரதி எங்கேனும் அகப்படும். அகப்படாத ஒரு இனம் உண்டு. வீட்டில் தைத்த தொடர்கதைத் தொகுதி.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வாங்குவார்கள். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கி 1954 வரை ஓடியது. மணியம் படம் போட்டார். அந்த மூன்றரை ஆண்டும் ஒரு வாரம் விடாமல் சேர்த்த பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் அந்த வேலையைச் செய்தது; பைண்டருக்குக் கொடுக்கக் கடுகு டப்பாவிலிருந்து காசு எடுத்ததும் அவர்களே. முதுகில் காலிகோ துணி, அட்டையில் மார்பிள் காகிதம், ஓரத்தை வெட்டும்போது பைண்டர் கை நீண்டதில் சில பக்கங்களில் முதல் எழுத்து போயிருக்கும். அத்தியாயம் முடிகிற பக்கத்தின் பின்புறத்தில் வேறு யாருடைய சிறுகதையின் பாதியோ, சோப்பு விளம்பரமோ, சிரிப்புத் துணுக்கோ ஒட்டிக்கொண்டு வரும். யாரோ ஒரு குழந்தை வந்தியத்தேவனுக்குப் பென்சிலால் மீசையைப் பெரிதாக்கியிருக்கும். பின்னால் நூலாக வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் மணியத்தின் படங்கள் இல்லை. கதை நூறு பதிப்பில் கிடைக்கும். அந்தப் படமும், பக்க அமைப்பும், அந்த வாரத்து ஊரும் உலகமும் இந்தத் தையலுக்குள்தான் இருக்கின்றன. இதற்கு ஐஎஸ்பிஎன் எண் கிடையாது, பதிப்பாளர் கிடையாது, முகப்புப் பக்கம்கூட கிடையாது. பழைய பேப்பர் கடையில் இதன் பெயர் ‘கிழிஞ்ச புக்கு’.

சரி, பட்டியலுக்கு வருவோம். எங்கள் தெருவில் தபால் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். நீளமான கணக்கு நோட்டில் கோடு போட்டு, நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, வாங்கிய இடம் என்று எழுதி வைத்திருந்தார். கடைசிப் பத்திக்குத் தலைப்பு ‘கதி’. அதில் ‘மாப்பிள்ளையிடம்’, ‘செல்லரித்தது’, ‘திரும்பவில்லை, கேட்கவும் கூடாது’ என்றெல்லாம் குறிப்பு. அவர் காலமானபின் மகள் அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒரு குழுவில் போட்டார். அடுத்த நாளே அழைப்புகள் வரத் தொடங்கின. சமய நூல்களை ஒரு மடத்து நூலகம் எடுத்துக்கொண்டது, பழைய நாடக நூல்களை ஓர் ஆய்வு மாணவி வந்து வாங்கிப்போனார், மீதியில் பாதி இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறது. ‘கதி’ பத்தியைப் பார்த்துவிட்டு, இருபது வருடம் கழித்து ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவரும் உண்டு.

நோட்டில் எழுதுவீர்களோ கூகுள் ஷீட்டில் எழுதுவீர்களோ, உங்கள் வசதி. சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். கைபேசியைப் பட்டைக் குறிமேல் காட்டினால் நூல் விவரம் தானே வந்து விழும் செயலிகள் இருக்கின்றன. புதுப் புத்தகத்துக்கு அது சரி. ஐஎஸ்பிஎன் எண் இல்லாத பழைய தமிழ் நூலுக்குச் செயலி கையை விரித்துவிடும். முகப்புப் பக்கத்தைப் பார்த்து நீங்கள்தான் தட்ட வேண்டும். அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள், அட்டை மாறிக்கொண்டே இருக்கும். முகப்பின் பின்பக்கத்தில் எத்தனையாவது பதிப்பு என்று இருப்பதை அவசியம் குறியுங்கள், தேடி வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஆசிரியர் பெயர் பெரிய தலைவலி. லா.ச.ரா., லா. ச. ராமாமிர்தம், லா.ச. ராமாமிருதம் என்று ஒரே மனிதர் மூன்று ஆளாகி நிற்பார். ரோமன் எழுத்தில் எழுதினால் புதுமைப்பித்தனுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் என்று கணக்கே இல்லை. அதனால் தமிழிலேயே எழுதுங்கள். முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னால் தள்ளுங்கள், ‘ஜானகிராமன், தி.’ என்று எழுதினால் அகரவரிசையில் ஜானகிராமன் தன் இடத்தில் உட்காருவார். யூனிகோடில் தட்டுங்கள். தொண்ணூறுகளில் அன்றைய எழுத்துருக்களில் பொறுமையாகத் தட்டி வைத்த பட்டியல்கள் சிலரிடம் இருக்கின்றன. இன்று திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. மாற்ற மென்பொருள் உண்டு, ஆனால் எந்த எழுத்துரு என்று நினைவிருக்க வேண்டுமே.

பகுப்பு முறையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் கோலன் பகுப்பு முறையை உலகத்துக்கே கொடுத்தார். வீட்டுக்கு அது வேண்டாம். கவிதை, கதை, கட்டுரை, பயணம், சமயம் என்று உங்கள் கைக்கு வருகிறபடி பிரித்தால் போதும், அம்மா தேடினாலும் கிடைக்க வேண்டும். ரங்கநாதனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள். அவற்றில் மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். நம் அலமாரியில் நாமே இனி திறக்கப்போகாத நூல்கள் நிறைய உண்டு. பொறியியல் படித்த காலத்துப் பாடநூல், மாமாவின் ஜோதிட நூல், அரைகுறையாக நின்றுபோன மொழிபெயர்ப்பு. அதன் வாசகர் வேறு ஊரில் இருக்கிறார். அவருக்கு நம் அலமாரி தெரியாது.

இணையம் இந்த இடத்தில்தான் உண்மையாகவே உதவுகிறது. 2005இல் தொடங்கிய லைப்ரரிதிங் தளத்தில் உங்கள் நூல்களைப் பதிந்தால், அதே நூலை வைத்திருக்கும் மற்றவர்கள் யாரென்று காட்டும். ஒரே அபூர்வ நூலை இருவர் வைத்திருந்தால் அவர்கள் அலமாரியில் மற்றவையும் ஒத்துப்போக வாய்ப்பு அதிகம். அங்கே பேச்சு தொடங்குகிறது. இறந்துபோனவர்களின் வீட்டு நூலகங்களையும் அங்கே தன்னார்வலர்கள் பதிகிறார்கள். தாமஸ் ஜெஃபர்சன் நூலகம் அதில் ஒன்று. 1815இல் அவர் ஆறாயிரத்துச் சொச்சம் தொகுதிகளை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு விற்றார். 1851 தீவிபத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு எரிந்தது. என்ன எரிந்தது என்று பட்டியல் சொன்னதால், அதே பதிப்புகளைத் தேடி வாங்கி இடத்தை நிரப்பிவருகிறார்கள். குட்ரீட்ஸில் தமிழ் நூல்களைப் பற்றிப் பேச ஆட்கள் அதிகம், ஆனால் அங்கே பேச்சு நட்சத்திரம் கொடுப்பதோடு நின்றுவிடுகிறது என்பது என் மனக்குறை. வாட்ஸ்அப் குழுவுக்கு நெருக்கம் உண்டு, நினைவு கிடையாது. அதனால் பட்டியலை வெளியே ஓரிடத்தில் வைத்து, இணைப்பை மட்டும் குழுவின் விவரப் பகுதியில் ஒட்டி வையுங்கள். பெயரும் ஊரும் போதும். தெரு, கதவு எண் வேண்டாம்.

எரிந்ததைப் பற்றிப் பேசினால் யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் இராது. 1981 மே இறுதியில், ஜூன் விடிவதற்குள், யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. 2005 முதல் நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. பொது நூலகத்தில் எரிந்துபோன ஒன்றின் இன்னொரு பிரதி எந்த வீட்டில் இருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தனி ஆட்களால்தான் வளர்ந்தது: உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து ஏற்றினார்கள். உங்கள் பரணில் இருப்பது கடைசிப் பிரதியாகவும் இருக்கலாம். பட்டியல் போட்டால் அதுவும் தெரியும்.

பிடிஎஃப் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டு ஆனபின் நூல் பொதுச்சொத்து. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனையும் 1954இல் மறைந்த கல்கியையும் தாராளமாக அனுப்புங்கள். போன மாதம் வெளிவந்த நாவலைத் திருட்டுத்தனமாக வருடி ‘அனைவரும் பயன்பெறட்டும்’ என்று குழுவில் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். தமிழில் முதல் அச்சு பல நேரம் சில நூறு பிரதிதான். அதில் பத்துப் பேர் வாங்காமல் போனாலும் பதிப்பாளருக்கு வலிக்கும்.

இரவலைப் பற்றி நம்மிடம் இரண்டு கட்சி. ‘இரவல் கேட்காதீர்’ என்று அலமாரியில் எழுதி ஒட்டியவர்கள் ஒரு பக்கம், கேட்டவருக்கெல்லாம் கொடுத்துவிட்டு வெறும் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் மறுபக்கம். பட்டியலில் ‘இரவல் உண்டு’, ‘வீட்டுக்கு வந்து படிக்கலாம்’, ‘சில பக்கம் படம் எடுத்து அனுப்புவேன்’ என்று ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறி போட்டுவிட்டால் சங்கடம் தீர்ந்தது. மூன்றாவது குறிதான் அதிகம் பயன்படும். ஆய்வு செய்கிறவருக்குப் பல சமயம் ஒரு முன்னுரை போதும், ஒரு அடிக்குறிப்பு போதும்.

வாடகை வீட்டில் இருக்கும் இளைய நண்பர்களே, எண்ணிக்கையைப் பார்த்து மலைக்காதீர்கள். மறுபடி படிப்பேன் என்று தோன்றுவதையும், ஊர் நூலகத்தில் கிடைக்காததையும் வாங்குங்கள். மற்றதற்குப் பொது நூலக அட்டை இருக்கிறது. வீடு மாற்றும்போது புத்தகத்தைச் சின்ன அட்டைப்பெட்டிகளில் போடுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் தூக்குகிறவர் சாபம் விடுவார். சுவரோடு ஒட்டாமல் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி வையுங்கள், குளியலறைச் சுவர் பக்கம் வேண்டவே வேண்டாம். கீழ்த்தட்டைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வீடுகளில் முதலில் நனைந்தது கீழ்த்தட்டுதான். வசம்பு, வேப்பிலை போடலாம், ஆனால் இராமபாணப் பூச்சிக்கு உண்மையில் பிடிக்காதது ஆள் நடமாட்டம். அடிக்கடி எடுக்கப்படும் புத்தகத்தில் அது குடியேறுவதில்லை. கிழிந்த பக்கத்தில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பழுப்பேறிக் காகிதத்தையும் கெடுத்துவிடும்.

என் பட்டியலை இந்த வாரம் எல்லாரும் பார்க்கிறபடி ஏற்றுகிறேன். முழுசாக முடியவில்லை, ‘ப’ வரிசை பாதியில் நிற்கிறது. அதனாலென்ன, ஒரு அலமாரியோடு நீங்களும் தொடங்கலாம். அதோடு ஒரு தேடலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வசம் இருக்கும் ‘பொன்னியின் செல்வன்’ தைத்த தொகுதியில், மூன்றாம் பாகமான ‘கொலை வாள்’ நடுவே இரண்டு வாரத்துப் பக்கங்கள் இல்லை. பைண்டர் விட்டாரோ, சேர்த்தவர் வீட்டில் அப்போது ஏதாவது விசேஷமோ தெரியாது. அந்தக் காலத்துக் கல்கி இதழ்கள் யார் வீட்டிலாவது இருந்தால் பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப முடியுமா? பதிலுக்கு என் பட்டியலில் எது வேண்டுமோ கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் குழுக்களில் ஒருவன்